வேலூர் வெயிலில் பெரியவர்களுக்கு டயபர் போடலாமா? அது ஈரத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது?

தாராளமாகப் போடலாம். அடக்க முடியாமல் சிறுநீர் தானாக வெளியேறும் சிறுநீர்க் கசிவுக்குத்தான் இதைப் போடுகிறோம். டயபரில் பஞ்சோடு கலந்திருக்கும் பொடி, சர்பத்தில் போட்ட சப்ஜா விதை மாதிரி நீரை இழுத்து உப்பிக் கூழாகிவிடும். அழுத்தினாலும் எளிதில் விடாது. ஆனால் வியர்வையும் உள்ளேயே நிற்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் அதுதான் பெரிய தொல்லை. அதனால் நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். தொடை இடுக்கைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். இடுப்பளவு பார்த்து வாங்குங்கள்; தொளதொளவென்று இருந்தால் தொடையோரம் ஒழுகும். அப்புறம், ஆற்காடு பஸ்ஸில் போகவேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். கெட்டியான சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும்.

‘வயதானால் இப்படித்தான்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு, பல கசிவுகளுக்குச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.