ஆட்டு எருவை வெட்டவெளியில் மக்க வைத்தால் தண்ணீர் கெடுமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் சமூகத் தோட்டத்துக்குப் பண்ணையிலிருந்து ஆட்டுப் புழுக்கையும் கோழி எருவும் வாங்கியிருக்கிறோம். ஊரில் செய்வதுபோல வெளியில் குவித்து மக்க வைத்தால் என்ன?

பதில்: மக்க வையுங்கள், நல்ல உரம். ஆனால் கூரை இல்லாமல் வைக்காதீர்கள். லோங்காங் (மழைநீர்க் கால்வாய்) ஓரமாக வைக்கவே வைக்காதீர்கள்.

மேல்மாடிக்காரர்கள் நாற்றம் என்று புகார் செய்வார்களே என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் பயப்படுவார்கள். நான் பார்ப்பது குவியலின் அடிப்பக்கத்தை. ஒரு பெருமழை விட்டதும் போய்ப் பாருங்கள், கஷாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் கசிந்து சரிவு பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அதில்தான் போகின்றன. கூடவே கிருமியும்.

ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, தமிழ்நாட்டுச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஊர் எருக்குழி பல மாதம் காய்ந்து கிடக்கும். இங்கே குவியல் காய்வதே இல்லை. விடியற்காலையில் சுமத்ராக் காற்றோடு கொட்டும் மழைக்கு யார் எழுந்துபோய்த் தார்ப்பாய் போடுவது?

அடுத்தது, லோங்காங் தண்ணீர் எங்கே போகிறது என்பது. இங்கே கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே கால்வாயில் விழுவது நேரே நீர்த்தேக்கத்துக்குப் போகும். உங்கள் ஈசூனின் பல பகுதிகளுக்கு அது கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கம். மணிச்சத்து சேர்ந்தால் பாசி மண்டும், பாசி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மிதக்கும். கோழி எருவின் அம்மோனியா அதற்கு முன்பே மீனைக் கொல்லும்.

அரசாங்கம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1975இல் கிராஞ்சி நீர்த்தேக்கம் வந்தபோது, கழிவு அதில் கலக்காமலிருக்க அந்த வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளைப் பொங்கோலுக்கு மாற்றினார்கள். 1984இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தார்கள். பிழைப்பு போனவர்களுக்கு அது பெரிய அடிதான், ஆனாலும் காரணம் நியாயமானது.

கிருமி விஷயம் மிகைப்படுத்தல் என்பவர்களுக்குக் கனடாவின் வாக்கர்ட்டன் ஊரைச் சொல்வேன். 2000 மே மாதம் பெய்த கனமழை, வயலில் போட்டிருந்த மாட்டெருவிலிருந்து ஈகோலை கிருமியை ஊர்க் கிணற்றுக்குக் கொண்டுபோனது. குளோரின் சரியாகப் போடவில்லை. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் வரை நோயில் விழுந்தார்கள். இங்கே நீர்த்தேக்கத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் குழாயில் விடுகிறார்கள், அதனால் உங்கள் குவியலால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் கால்வாயில் கால் நனைக்கும் பிள்ளைகளுக்கு எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. ஊரில் கிணற்றை ஒட்டி எருக்குழி வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள்: எருவின் தழைச்சத்து மாறி உண்டாகும் நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, மெல்ல நிலத்தடி நீரில் இறங்கிவிடும். அது அதிகமான தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கலாம்.

செய்முறை கஷ்டமே இல்லை. சிமெண்டுத் தளம், சுற்றி ஒரு செங்கல் உயரத்துக்கு வரப்பு, மேலே தகரக் கூரை. கூரைத் தண்ணீர் குவியல் பக்கம் விழாமல் வெளியே போகட்டும். எருவோடு காய்ந்த இலையோ மரத்தூளோ தாராளமாகக் கலங்கள். கோழி எருவுக்கு இன்னும் கூடுதலாக. ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: ஓரிரு சொட்டு வந்தால் பதம் சரி, ஒழுகினால் இன்னும் இலை போட வேண்டும். உள்ளே 55 டிகிரி சூடு ஏறி நிற்க வேண்டும், ஓரத்தில் இருப்பதும் நடுவுக்கு வரும்படி பல முறை புரட்ட வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும். அதையும் மீறிக் கசிவது வரப்புக்குள் தேங்கினால், சூடேறும் கட்டத்திலேயே அள்ளிக் குவியல் மேலேயே ஊற்றிவிடுங்கள். கீரைப் பாத்தியில் மட்டும் ஊற்ற வேண்டாம்.

இடமில்லை என்றால் மூடி போட்ட பெரிய பீப்பாய் போதும். வாங்கி வைத்த மூட்டைகள் இப்போது மழையில் நனைந்துகொண்டிருந்தால், முதலில் அவற்றைக் கூரைக்கடியில் இழுத்துப் போடுங்கள்.