கூப்புட்டா நிக்காதீங்க: அமெரிக்கா கெளம்புற நம்ம சனத்துக்கு

இந்த வாரம் வந்த கேள்வியில பாதி அமெரிக்கா பத்தித்தானுங்க. லீவுக்குப் பையன் ஊட்டுக்கு, புள்ளை ஊட்டுக்குன்னு கோயமுத்தூர் சுத்துவட்டாரமே கெளம்பிரும்போல. எல்லாத்துக்கும் ஒட்டுக்கா பதில் எழுதிர்றேன்.

கே: புள்ளை நியூஜெர்சியில இருக்கா. பேரன் பொறந்திருக்கான்னு நானும் அவரும் போறோம், நியூயார்க் சுத்திக் காட்டறேன்னு மாப்பிள்ளை சொல்றாரு. கழுத்துல ஏழு பவுன் தாலிக்கொடி இருக்குதுங்க, போட்டுட்டே போலாமுங்களா? டிவியப் பாத்தா எந்நேரமும் துப்பாக்கிச் சூடுங்கறாங்க, ஒரே வெசனமா இருக்குது.
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

ப: துப்பாக்கி வெசனத்த மொதல்ல எறக்கி வெய்ங்க அக்கா. அங்க துப்பாக்கி எச்சுத்தான், இல்லீன்னு சொல்லல, ஆனா பகல்ல ஊரு சுத்திட்டுப் பொழுதோட ஊடு திரும்பற ஒறம்பரைக்கு நடக்கறது பெரும்பாலும் அது இல்லீங்க. பர்ஸ் போகும், போன் போகும், ஏமாத்திக் காசு புடுங்குவாங்க. அதுலயும் முக்காவாசி நம்ம நல்ல கொணத்தாலதான் நடக்குது. நம்மூர்ல ரோட்டுல ஒருத்தர் 'ஏனுங்க'ன்னு கூப்புட்டா நின்னு 'சொல்லுங்'ன்னு கேக்காமப் போறது மருவாதியில்லைங்களா, அங்க அந்த மருவாதியப் புடிச்சுத்தான் உள்ள வருவாங்க.

உங்க கொடிக்கே வாரேன். நீங்க நடந்து போயிட்டிருப்பீங்க, ஒரு காரு பக்கத்துல வந்து நிக்கும், உள்ள குடும்பமா இருப்பாங்க, பின்னாடி சீட்டுல கொழந்தை கூட இருக்கும், அதனால பயமே வராது. ஆஸ்பத்திரிக்கு வழி கேப்பாங்க, இல்லீனா எங்கம்மா செத்துப் போயிட்டாங்க, உங்களப் பாத்தா எங்கம்மாவாட்டமே இருக்குது, எங்களுக்காக சாமி கும்புடுங்கன்னு கண்ணுல தண்ணியோட எறங்கி வருவாங்க. அப்புறம் சந்தோசமா அவங்க கழுத்துல கெடக்கற சங்கிலியக் கழட்டி உங்களுக்கு மாட்டி உட்டு, கட்டிப் புடிச்சு, கையில முத்தம் குடுத்துட்டுப் போயிருவாங்க. மாட்டுனது கவரிங். கட்டிப் புடிச்சப்பவே உங்க ஏழு பவுனு கழண்டு போயிருக்கும், நீங்க ஊட்டுக்கு வந்து குளிக்கப் போறப்பத்தான் கையி கழுத்துக்குப் போகும். நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியான்னு பல ஊரு போலீசு இந்தத் திருட்டப் பத்தி எச்சரிக்கை உட்டிருக்காங்க, குறி வெக்கறதே தங்கம் போடற வயசான நம்மளாட்ட ஆளுகளத்தான். கட்டிப் புடிக்காம நேரா அறுக்கறவனும் உண்டு, 2022ல சாண்டா கிளாரா பக்கம் சேலை கட்டிப் பொட்டு வெச்சு நகையோட போன நம்ம பொம்பளைகளாப் பாத்துப் பாத்து சங்கிலிய அறுத்தான்னு ஒருத்தன் மேல கேஸ் போட்டாங்க.

அதனால கொடிய லாக்கர்ல வெச்சுட்டு தாலிய மஞ்சக்கயித்துல கோத்துப் போட்டுட்டுப் போங்க. சம்பந்தி ஊட்டுல ஒரு மாதிரி நெனப்பாங்களேன்னா, நெனச்சுட்டுப் போறாங்க உடுங்க. காரு பக்கத்துல வந்து நின்னா பதில் சொல்லாதீங்க, கைய மட்டும் ஆட்டிட்டு நடந்துட்டே இருங்க, கிட்ட வந்தா பக்கத்துல எந்தக் கடையோ அதுக்குள்ள பூந்துருங்க. கத்தி, துப்பாக்கின்னு காட்டி நேரடியாவே கேட்டான்னா மட்டும் ஒரு வார்த்தை பேசாம கையில இருக்கறதக் குடுத்துருங்க, அவரு வீரத்தக் காட்டக் கெளம்பாம நீங்க புடிச்சுக்கோங்க.

கே: திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன். பையர் மீட்டிங்குக்கு மொதத் தடவையா தனியா நியூயார்க் போறேன். ஏர்போர்ட்ல இருந்து எப்படிப் போறது, ராத்திரியில சப்வே ரயில்ல போலாமா?
*வாசகர், அவிநாசி ரோடு, திருப்பூர்*

ப: தம்பி, கென்னடி ஏர்போர்ட்ல பெட்டிய எடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள 'டாக்சி வேணுமா'ன்னு கேட்டுட்டு ஒருத்தன் பெட்டியில கை வெப்பான். உள்ள வந்து ஆள் புடிக்கறவன் எவனும் லைசென்ஸ் டாக்சிக்காரன் இல்ல, பேசாம வெளிய மஞ்ச டாக்சி க்யூ எங்கன்னு போர்டப் பாத்துப் போயி நில்லுங்க. அங்கிருந்து ஊருக்கு நடுவுல இருக்கற மேன்ஹாட்டனுக்கு மீட்டர் கெடையாது, 70 டாலர்னு ஃபிக்ஸ் பண்ண ரேட்டு, அதுக்கு மேல டோல், சர்சார்ஜ், டிப்ஸ் வரும். காசு மிச்சம் பண்ணோணும்னா ஏர்ட்ரெயின்னு இருக்கற ஏர்போர்ட் ரயிலப் புடிச்சு ஜமைக்கா ஸ்டேஷன் போயி அங்கிருந்து 'E'ன்னு போட்ட சப்வே ரயிலு, அது நேரா டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் போயிரும். கார்மென்ட் டிஸ்ட்ரிக்ட்டுல உங்க பையர் ஆபீசு இருந்தா அங்கிருந்து கூப்புடு தூரந்தான். ஆனா ஒரு நாளு முச்சூடும் ஃப்ளைட்ல தூங்காம வந்து, நடுராத்திரியில ரெண்டு பெட்டியோட மேப்பப் பாத்துட்டு நிக்கறதுக்கு அந்த 70 டாலரு குடுக்கலாம், பில்லு கம்பெனிக்குத்தானே.

சப்வே 24 மணி நேரமும் ஓடுது, லட்சக்கணக்குல சனம் போயிட்டு வர்றாங்க, பயப்பட ஒண்ணுமில்ல, செல சூட்சுமம் இருக்குது. பிளாட்பாரத்துக்கு நடுவுல மேல கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட ஒரு நீளப் பலகை தொங்கும். ரயில்ல கண்டக்டர்னு ஒரு ஆளு நடுப்பொட்டியில இருப்பாரு, ரயிலு நின்னதும் ஜன்னல்ல தலைய நீட்டி அந்தப் பலகைய வெரல்ல காட்டோணும்ங்கறது அவங்க ரூலு, ரயிலு சரியா நின்னுச்சான்னு உறுதி பண்றதுக்கு. சும்மாவே வேடிக்கை பாக்கலாம் அத. ராத்திரியில நீங்க அந்தப் பலகைக்குக் கீழ நின்னா கண்டக்டர் இருக்கற பொட்டியிலயே ஏறிக்கலாம். எல்லாப் பொட்டியும் நெரிசலா வந்து ஒரு பொட்டி மட்டும் காலியா வந்துச்சுன்னா நமக்கு யோகம்னு ஓடிப்போயி ஏறாதீங்க, ஏசி ஓடாது, இல்ல நாத்தம், இல்ல உள்ள ஒருத்தன் கலாட்டா பண்ணிட்டிருப்பான், உள்ளூர்க்காரங்க ஏறலீன்னா அதுல காரணம் இருக்கும். மஞ்சக் கோட்டு ஓரத்துல நின்னு எட்டிப் பாக்கற பழக்கம் வேண்டாம், செவுத்த ஒட்டியோ தூண ஒட்டியோ நில்லுங்க. கதவோரம் நின்னு போன் நோண்டாதீங்க, கதவு மூடற அந்த செகண்டுல புடுங்கிட்டு எறங்கிருவான், நீங்க உள்ள, போன் வெளிய. யாராச்சும் தனியாப் பேசிட்டுக் கத்திட்டு வந்தா மொகத்தப் பாக்காதீங்க, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வேற பொட்டி மாறிக்கோங்க, ஓடற ரயில்ல பொட்டி உட்டுப் பொட்டி தாண்டுனா ஃபைன்.

டைம்ஸ் ஸ்கொயர்ல எது கையில குடுத்தாலும் வாங்காதீங்க. சி.டி. குடுத்து உங்க பேரக் கேட்டு அதுல எழுதிருவான், அப்புறம் காசு. பொம்மை வேசம் போட்டவங்க தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துட்டு டிப்ஸ் கேப்பாங்க, அவங்க நின்னு டிப்ஸ் கேக்கறதுக்குன்னே 2016ல ரோட்டுல பெயிண்ட் அடிச்சு எடம் ஒதுக்கியாச்சு, அதுக்குள்ள நீங்க போகாம இருந்தாப் போதும். நம்மாளுக விழுகறது காவிக்கு. சாமியாராட்டத் துணி கட்டுன ஆளு கையில பாசிமணிய மாட்டி உட்டு, கோயில் கட்டறோம்னு ஒரு நோட்ட நீட்டுவாரு, அதுல முன்னால குடுத்தவங்க பேரும் தொகையும் எழுதியிருக்கும். கோயில் நன்கொடை நோட்டப் பாத்தா நம்ம கை தானாப் பைக்குள்ள போயிருமே! மணியத் திருப்பிக் குடுத்துட்டு நடங்க.

சுதந்திர தேவி சிலைக்குப் போட்டு கெளம்பற பேட்டரி பார்க் பக்கம் கழுத்துல அட்டை மாட்டிட்டு டிக்கெட் விக்கறவங்ககிட்ட வாங்காதீங்க, சிலை இருக்கற தீவுல எறக்கி உடறது ஸ்டேச்சூ சிட்டி குரூசஸ் போட்டு ஒண்ணுதான். தூரத்துல பாத்தாப் போதும்னா ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி சிலைக்கு முன்னாலதான் போகுது, அது ஃப்ரீ. அதுக்கே டிக்கெட் விக்கற கில்லாடிகளும் இருக்காங்க.

கே: சான் பிரான்சிஸ்கோவுல காரு வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டலாம்னு இருக்கோம், ரெண்டு குடும்பம். பாதுகாப்பா?
*வாசகர், பொள்ளாச்சி*

ப: ஓட்டறது பாதுகாப்பு, நிறுத்தறதுதான் சிக்கல். அந்த ஊர்ல கார்க் கண்ணாடி ஒடைக்கறது ரொம்ப நாளாவே பேர் போனது, இப்ப கொறஞ்சிருக்குதுங்கறாங்க, ஆனாலும் ஃபிஷர்மன்ஸ் வார்ஃப், லோம்பார்ட் ஸ்ட்ரீட், அலமோ ஸ்கொயர், ட்வின் பீக்ஸ்னு டூரிஸ்ட் போற எடமாப் பாத்துத்தான் வருவாங்க. பாஸ்போர்ட் பை மட்டுமில்ல, ஒரு சார்ஜர் ஒயரு, ஒரு ஜாக்கெட்டு, முறுக்கு வெச்ச கட்டப்பை தெரிஞ்சாக்கூடப் போதும், ஒடச்சுப் பாத்துருவாங்க, பத்து செகண்டு வேலை. நம்மாளுக என்ன பண்றாங்கன்னா, நிறுத்துன எடத்துல எறங்கி, நாலு பேரு பாக்க, சாமானம் எல்லாத்தையும் எடுத்து டிக்கியில வெச்சுப் பூட்டறாங்க. அது தண்டோரா போட்ட மாதிரிதானுங்க. பின்னாடி சின்னக் கண்ணாடிய ஒடச்சு சீட்ட மடக்குனா டிக்கி தெரிஞ்சிரும். ஏர்போர்ட்ல இருந்து மொதல்ல ரூமுக்குப் போயி சாமானத்த எறக்கிட்டு அப்புறம் சுத்தப் போங்க. ஊருக்குள்ளயே இருக்கறதுன்னா காரே வேண்டாம், ஏர்போர்ட்ல இருந்து பார்ட்னு (BART) ஒரு ரயிலு இருக்குது, ஊருக்கு வெளிய போற அன்னிக்கு மட்டும் எடுத்துக்கோங்க. ரூம் போடறப்ப இன்னொண்ணு பாருங்க, யூனியன் ஸ்கொயர் பக்கம்னு கம்மி ரேட்டுல காட்டறது டெண்டர்லாயின் ஏரியாவா இருக்கும், ராத்திரி புள்ளைகளோட நடக்கற எடமில்ல அது.

இதவிட முக்கியமான ஒண்ணு, காரு எடுக்கற எல்லாரும் படிங்க. நம்மூர்ல செக்போஸ்ட்டுல போலீசு கை காட்டுனா என்ன பண்றோம்? வண்டிய ஓரங்கட்டி, கதவத் தொறந்து எறங்கி, ஆர்.சி. புக்க எடுத்துட்டு 'சொல்லுங்க சார்'ன்னு அவரு இருக்கற எடத்துக்கே போறோம், அதுதான் மருவாதி, உள்ளயே உக்காந்திருந்தா திமிரு. அங்க நேர் எதிர். பின்னாடி சிவப்பு நீல லைட்டு சுத்துனா வலது பக்கம் ஓரங்கட்டி நிறுத்தி, எஞ்சின ஆஃப் பண்ணி, கண்ணாடிய எறக்கிட்டு, ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வெச்சு கம்முனு உக்காந்திருக்கோணும். ராத்திரின்னா உள்ள லைட்டப் போடுங்க. கதவத் தொறக்கவே கூடாது, எறங்கி அவரப் பாத்து நடந்தீங்கன்னா அடிக்க வர்றான்னுதான் அந்தப் போலீஸ்காரரு எடுத்துக்குவாரு, அவரு கையி இடுப்புக்குப் போகும். எல்லாரு கையிலயும் துப்பாக்கி இருக்கலாம்ங்கற ஊரு, அவரு பயம் அவருக்கு. அவரு வந்து லைசென்ஸ் கேட்டப்புறம், 'பையில இருக்குது, எடுக்கலாமா'ன்னு கேட்டுட்டு மெதுவா எடுங்க. பின்னாடி சீட்டுல அப்பாரு உக்காந்திருந்தா அவரையும் சீட்டுக்கு அடியில துழாவாம இருக்கச் சொல்லுங்க. லைசென்ஸுக்குள்ள நோட்டு மடிச்சு வெச்சு நீட்டற வேலையெல்லாம் கனவுலயும் வேண்டாம், ஓவர்ஸ்பீடு ஃபைனோட போறது ஜெயில்ல முடியும். ஆர்.டி.ஓ. ஆபீசுல இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்கிக்கோங்க, நம்ம லைசென்ஸும் கூடவே இருக்கோணும்.

கே: எனக்கு வயசு 68, சுகர், பிரஷர் ரெண்டும் இருக்குது. சிகாகோவுல பையன் ஆபீஸ் போயிட்டா நான் தனியா நடக்கப் போகலாமுங்களா?
*வாசகர், ஈரோடு*

ப: தாராளமாப் போங்கய்யா. திருடனவிட உங்களுக்கு ரோடுதான் கவனம். அங்க வண்டியெல்லாம் ரோட்டுக்கு வலது பக்கமா ஓடும், நம்ம தலை பழக்கத்துல வலது பக்கந்தான் திரும்பும், அங்க மொதல்ல வர்ற வண்டி இடது பக்கத்துல இருந்து. சிக்னல்ல ஆளு நடக்கற மாதிரி வெள்ளை லைட்டு வந்தாத்தான் தாண்டறது, அப்பவும் திரும்பற வண்டியப் பாத்துக்கோங்க. சைக்கிள் லேன்ல கால வெச்சு சித்த நேரம் நிக்கறது ஆபத்து, பேட்டரி சைக்கிளு சத்தமே இல்லாம எந்தப் பக்கமிருந்தும் வரும்.

இன்சூரன்ஸ் இல்லாமக் கெளம்பாதீங்க, சுகரும் பிரஷரும் ஏற்கனவே இருக்குதுன்னு சொல்லி, அதனால வர்ற திடீர் தொந்தரவுக்குக் கவர் இருக்குதான்னு எழுத்துல பாத்து எடுங்க. எமர்ஜென்சின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா காசு இருக்குதான்னு பாக்காம மொதல்ல பாத்தாகோணும்னு 1986லயே சட்டம் வந்திருச்சு, ஆனா பில்லு பின்னாலயே வரும், அது நம்மூரு பில்லு இல்ல. காச்சல் சளிக்கெல்லாம் அர்ஜென்ட் கேர்னு கிளினிக் இருக்கும், அங்க போங்க. நெஞ்சு வலின்னா யோசிக்காம 911ங்கற எமர்ஜென்சி நம்பருக்குப் போடுங்க. இங்கிலீஷ் வராதுன்னா 'டமில்'னு சொல்லுங்க, பெரிய ஊர்கள்ல மொழிபெயர்ப்பாளர லைன்ல சேத்துவாங்க, ஆனா பையன் ஊட்டு அட்ரஸ் மட்டும் இங்கிலீஷ்ல சொல்லப் பழகிக்கோங்க, சட்டைப் பையில எழுதியும் வெய்ங்க. இன்னொரு கூத்து, இந்தியாவுக்கு 91 போட்டு நம்பர் அமுக்கறேன்னு 911க்குப் போட்டுருவாங்க. போட்டுட்டா பயந்து கட் பண்ணாதீங்க, கட் பண்ணா திருப்பிக் கூப்புடுவாங்க, எடுக்கலீன்னா போலீசு ஊட்டுக்கே வந்தாலும் வரும், 'தப்பாப் போட்டுட்டேன்'னு சொல்லிட்டு வெய்ங்க.

கே: பாஸ்போர்ட்ட கையிலயே வெச்சுட்டு சுத்தறதா, ரூம்ல வெக்கறதா?
*வாசகி, கரூர்*

ப: 18 வயசுக்கு மேல வெளிநாட்டுக்காரங்க பதிவுச் சான்று கையில வெச்சிருக்கோணும்னு அங்க சட்டமே இருக்குது, இப்ப அதக் கறாராவும் பாக்கறாங்க. உள்ள நொழஞ்சதும் ஐ-94னு ஒரு ரெக்கார்டு ஆன்லைன்ல வந்திரும், அதுதான் அந்தச் சான்று, அத ஃப்ரீயா எடுத்துப் பிரிண்ட் போட்டு, பாஸ்போர்ட் விசா ஜெராக்சோட எப்பவும் பையில வெய்ங்க, ஒரிஜினல் பாஸ்போர்ட் ரூம் லாக்கர்ல இருக்கட்டும், வேற ஊருக்குப் போறப்ப மட்டும் கூட. தொலஞ்சா போலீஸ்ல ரிப்போர்ட் வாங்கிட்டு இந்தியத் தூதரக ஆபீசுக்குப் போகோணும், நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில்லயெல்லாம் இருக்குது.

கே: டைம்ஸ் ஸ்கொயர்ல வேட்டி கட்டிட்டு நிக்கோணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒண்ணும் பண்ண மாட்டாங்களே?
*வாசகர், பெருந்துறை*

ப: அந்த எடத்துல ஒரு ஆளு ஜட்டியோட கிதார் வாசிச்சுட்டு நிக்கறாருங்க, உங்க வேட்டிய எவன் பாக்கப் போறான். குளிர் காலத்துல மட்டும் வேண்டாம். எஸ்கலேட்டர்ல ஏறறப்ப மடிச்சுக் கட்டிக்கோங்க, கரை மாட்டிக்கும். உள்ள பட்டாப்பட்டி போட்டுக்கோங்க, பாஸ்போர்ட் ஜெராக்சு, டாலரு, கார்டு எல்லாத்தையும் அந்த டவுசர்ப் பையில வெச்சுட்டா நியூயார்க்ல எந்தப் பிக்பாக்கெட்காரனுக்கும் அது எங்க இருக்குதுன்னே தெரியாது.