சந்தைச் சுழற்சியை சார்ட் முன்கூட்டிச் சொல்லுமா? (வாசகர் கேள்வி பதில்)

பங்குச் சந்தையில் பல வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய ஏற்ற இறக்கத்தை இண்டிகேட்டர் பார்த்து முன்கூட்டியே கணிக்க முடியுமுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

முடியாதுங்க. இண்டிகேட்டர் எல்லாமே முடிந்துபோன விலையை வைத்துப் போடும் கணக்கு. ஆழியாறு அணையின் நீர்மட்டத்தைப் பார்த்தால் மலையில் பெய்த மழை தெரியும், அடுத்த வருஷ மழை தெரியாது. போக்கு மாறிவிட்டதா என்று உறுதிசெய்ய மட்டும் அது உதவும்.

அதற்கு நிஃப்டியின் (50 பெரிய பங்குகளின் குறியீடு) மாதச் சார்ட்டில் 10 மாத மூவிங் ஆவரேஜ், அதாவது நகரும் சராசரி, போதும். கடைசி 10 மாத முடிவு விலைகளைக் கூட்டி 10ஆல் வகுங்கள். நிஃப்டி அந்தச் சராசரிக்குக் கீழே போனால் விலகு, மேலே வந்தால் நுழை என்று அர்த்தம். மாதத்தின் கடைசி வர்த்தக நாளில் மட்டும் ஒப்பிடுங்கள். 15ஆம் தேதி சராசரிக்குக் கீழே கிடக்கும் நிஃப்டி 30ஆம் தேதி மேலே வந்துவிடலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

2008 ஜனவரியில் நிஃப்டியின் உச்சம் சுமார் 6,357. இந்தக் கணக்குப்படி விலகச் சொன்னது மார்ச் கடைசியில், 4,735 அருகே. அதற்குள் கால்வாசி போய்விட்டது. ஆனாலும் அக்டோபரில் 2,253 வரை விழுந்த மிச்சச் சரிவு தப்பியது. 2009 ஏப்ரல் கடைசியில், 3,474 அருகே திரும்ப நுழையச் சொன்னது.

2020இல் கதை வேறு. பிப்ரவரி கடைசியில் 11,202இல் விற்றவர், ஜூலை கடைசியில் 11,073இல் வாங்கியிருப்பார். இடையில் 7,511 வரை விழுந்து எழுந்ததில் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வரியும் தரகும்தான் செலவு. சரிவு வேகமாக வந்து வேகமாக மீண்டால் இந்த முறை தோற்கும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றாலும், 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5% வரி உண்டு. ஆகவே கையில் இருப்பதை விற்காதீர்கள், எஸ்.ஐ.பி.யையும் (மாதாமாதம் போடும் முதலீடு) நிறுத்தாதீர்கள். மொத்தமாகப் போட வைத்திருக்கும் புதுப் பணத்துக்கு மட்டும் இதைப் பாருங்கள்.

காப்பாக் கர்வ் எப்படிப் போடுவது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பெரிய சரிவுக்குப் பிறகு வாங்கும் நேரத்தைக் காட்டும் மாத இண்டிகேட்டர் இது. எட்வின் காப்பாக் 1962இல் வெளியிட்டது. இந்த மாத முடிவு விலை 14 மாதத்துக்கு முந்தையதைவிட எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது, 11 மாதத்துக்கு முந்தையதைவிட எத்தனை என்று பார்த்து இரண்டையும் கூட்டுங்கள். இப்படிப் பத்து மாதக் கூட்டல்களை எடுத்து, புதியதை 10ஆல், அதற்கு முந்தையதை 9ஆல், இப்படியே கடைசியை 1ஆல் பெருக்கி, மொத்தத்தை 55ஆல் வகுத்தால் அந்த மாதப் புள்ளி வரும். முதல் புள்ளிக்கே 24 மாத விலை வேண்டும்.

பூஜ்யத்துக்குக் கீழே கிடந்து மேலே திரும்பினால் வாங்கும் அறிகுறி. விற்பதற்கு இதை நம்பவேண்டாம். காப்பாக் அதற்காக இதைச் செய்யவில்லை.

20 வருஷச் சார்ட்டில் பழைய சரிவெல்லாம் சின்னதாகத் தெரிகிறதே?
– வாசகர், கரூர்

சார்ட்டை லாக் ஸ்கேலுக்கு மாற்றுங்கள். அது புள்ளியை அல்ல, சதவீத மாற்றத்தை ஒரே அளவில் காட்டும். 5,000இல் 1,000 புள்ளி இறங்கினால் 20%, 25,000இல் அதே 1,000 வெறும் 4%. தனிப் பங்கானால் போனஸ் (இலவசப் பங்கு), ஸ்ப்ளிட்டுக்கு (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சரிசெய்த விலைதானா என்றும் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்த நாளில் விலை பாதியாவது சரிவு அல்ல. சரிசெய்யாத சார்ட்டில் அதுவும் சரிவாகவே தெரியும்.