ரியூஷனுக்கு முன்னால் நித்திரையும் காலைச் சாப்பாடும்

கேள்வி: மகன் தரம் 3 படிக்கிறான். வகுப்பில் தூங்கி விழுகிறான், சொல்வது எதுவும் ஏறுவதில்லை என்கிறார் ரீச்சர். இரவு பத்து மணிவரை ரீவி பார்ப்பான். அவனுடைய அப்பா விடியப்புறம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போகும்போது அவனும் எழும்பிவிடுவான். காலையில் தேத்தண்ணி மட்டும்தான் குடித்துவிட்டு ஓடுவான். பின்னேர ரியூஷனுக்கு விடட்டுமா?
– ஒரு தாய், நிலாவெளி

பதில்: தங்கச்சி, ரியூஷன் காசை மூன்று கிழமைக்குக் கையிலேயே வைத்திருங்கள். ஐந்து மணித்தியாலம் படுத்த பிள்ளையைப் பின்னேரமும் கொண்டுபோய் இருத்தினால் அங்கேயும் தூங்கத்தான் செய்வான்.

இந்த வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும். இரவு எட்டு மணிக்கே ரீவியை நிறுத்திப் படுக்க விடுங்கள். அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டி, ரோச் லைட், உடுப்பு எல்லாவற்றையும் முதல்நாள் இரவே வாசலடியில் எடுத்து வையுங்கள். அவர் லைட் போடாமல், சத்தமில்லாமல் கிளம்பிப் போகட்டும். முதல் சில நாள் பிள்ளை முழித்துப் பார்ப்பான், அப்புறம் பழகிவிடும்.

சரி, சாப்பாடு. பெரியவர்களுக்கே உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. வளரும் பிள்ளையின் மூளை அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். வெறும் சீனித் தேத்தண்ணி எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்? புதிதாகச் சமைக்க நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. முதல்நாள் சோறும் சூடைமீன் குழம்பும் போதும். புட்டோடு நெத்தலிச் சம்பல், தேசிக்காய் பிழிந்து கொடுங்கள். அந்தப் புளி இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி அதைத் தடுக்கும், அதனால் தேத்தண்ணியைப் பின்னேரத்துக்குத் தள்ளுங்கள். நல்ல மீன் விற்பனைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். மிஞ்சுகிற சின்ன மீன்தான் இவனுக்கு வேண்டியது. இடைவேளைக்கு அவித்த கௌபியோ கச்சானோ ஒரு சின்ன டப்பாவில் கட்டிக் கொடுங்கள்.

பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்திருக்கிறானா என்றும் பாருங்கள். இரத்தச்சோகையும் வயிற்றுப் பூச்சியும் பிள்ளையை இப்படித்தான் சோர வைக்கும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் எங்கே காட்டுவது என்று சொல்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் படிப்பித்த ஒரு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இடைவேளைக்குப் பிறகு எப்போதும் தலையைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூடம் விடும்போதும் அவளுடைய தண்ணீர்ப் போத்தல் நிரம்பியபடியே இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ஒருநாள் காதுக்குள் சொன்னாள்: கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லையாம், அங்கே போகப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். நம்மூர் வெயிலில்! அதற்கு முன் ஒரு மாதமாகக் கவனமில்லாத பிள்ளை என்று அவளை நான் ஏசியிருக்கிறேன். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. உங்கள் மகனின் போத்தலையும் பின்னேரம் ஒருதரம் தூக்கிப் பாருங்கள். அங்கே யாருக்காவது பயப்படுகிறானா என்றும் மெதுவாகக் கேளுங்கள், ஏசாமல்.

எந்தப் பாடவேளையில் தூங்குகிறான், கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறானா, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தா என்று ரீச்சரிடம் விசாரியுங்கள். கொப்பியைப் பார்த்து என்றால் கண்ணைச் சோதிக்க வேண்டும்.

மூன்று கிழமை கழித்தும் தூங்கி விழுந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நன்றாக முழித்திருந்தும் கணக்கு மட்டும் பிடிபடவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், ரியூஷனைப் பற்றி அப்போது பேசுவோம்.