சங்கீத ரீச்சர் இல்லையென்றால் சித்திரம் எடுப்பதா?

கேள்வி: மகள் தரம் 9இல் படிக்கிறாள். சங்கீத ரீச்சர் இடமாற்றத்தில் போய் ஒரு வருடமாகிறது, பதிலுக்கு யாரும் வரவில்லை. தரம் 10க்குப் பாடம் தெரிவுசெய்யும் படிவம் வந்திருக்கிறது. "சித்திரம் எடுங்கள், இல்லையென்றால் பெற்றோர் மாதாமாதம் காசு போடுங்கள், வெளியில் ஒருவரைப் பிடிக்கலாம்" என்கிறார் அதிபர். என்ன செய்வது?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரி, படிவத்தில் சங்கீதம் என்றே எழுதுங்கள். அவளோடு சங்கீதம் படிக்க ஆசைப்படும் மற்றப் பிள்ளைகளும் அப்படியே எழுதட்டும். எத்தனை பிள்ளை, எத்தனை பாடவேளை என்று பார்த்துத்தான் ஆளணியை, அதாவது ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்பதை, கணிக்கிறார்கள். எல்லோரும் சித்திரத்துக்கு மாறிவிட்டால், "இங்கே சங்கீதத்துக்குப் பிள்ளைகளே இல்லை" என்று கோப்பை மூடுவது அவர்களுக்குச் சுகம்.

அதிபரைக் கோபித்துப் பயனில்லை. 2022 நெருக்கடியோடு அரச ஆட்சேர்ப்பு இறுகியது. அந்த வருடக் கடைசியில் ஓய்வு வயது 60 ஆகக் குறைந்தபோது மூத்த ஆசிரியர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் இல்லையென்றால் பெற்றோர் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சங்கீதத்துக்கு யார் வருகிறார்? பணம் இறுகும்போது முதலில் அடிபடுவது அழகியல் பாடம்தான். இருக்கிற சங்கீத, நடன ஆசிரியர்களின் பாடும் பெரிய பாடுதான். நேரசூசியில் வரலாற்றையும் சமயத்தையும் திணித்துவிட்டு, தமிழ்த்தினப் போட்டி வந்ததும் மேடைக்கு மட்டும் தேடுவார்கள்.

காசு போடும் யோசனைக்கு நான் ஆதரவில்லை. உங்களால் கட்ட முடியலாம், கடலுக்குப் போகிறவரின் பிள்ளை இரண்டாம் மாதமே நின்றுவிடும். வெளியாள் வந்து நேரசூசியில் பெயர் ஏறியதும் வெற்றிடமும் கண்ணில் படாமல் போகும்.

கேட்க வேண்டியது வேறு. நகரத்தில் பாடசாலைகள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. பக்கத்துப் பாடசாலையின் சங்கீத ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாள் உங்கள் பாடசாலைக்குத் தற்காலிகமாக இணைக்கச் சொல்லுங்கள். புதிய நியமனம் இல்லாததால் செலவென்று தட்டிக்கழிக்க முடியாது. தனியாகப் போகாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில், பிள்ளைகளின் தொகையைக் குறிப்பிட்டு, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். பிரதியை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் கொடுங்கள். அந்தக் கந்தோர் நம்மூரில்தான் இருக்கிறது. அதற்காக ரீச்சர் தானாக வந்துவிடமாட்டார், கேட்டு நடப்பதற்குத் தூரம் குறைவு, அவ்வளவுதான்.

ஒரு எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரத்தில் சங்கீதத்துக்குச் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. ஆசிரியரே இல்லாமல் பிள்ளையை அதில் நிறுத்துவது பாவம். தரம் 10 முதலாம் தவணை முடிவதற்குள் ஆள் வராவிட்டால், பாடத்தை மாற்றிவிடுங்கள். அப்படியானாலும் பாட்டை விடத் தேவையில்லை. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகள் இருக்கின்றன, வெளியே ஒரு ஆசிரியரிடம் கற்றுத் தரம் தரமாக எழுதலாம். மகளிடமும் இதை இப்போதே சொல்லிவையுங்கள், கடைசியில் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது.

கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்காதீர்கள். பிறகு "கிடைக்கவில்லை" என்பார்கள்.