"அதுக்கு வலிக்காதாம்மா?": பண்ணைக் கோழி பற்றிப் பிள்ளைகள் கேட்டால்

வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, மாதவரம் சுற்றுவட்டாரத்தில் ஆடு, மாடு, கோழிகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான். பண்ணை விலங்குகளைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது என்று வடசென்னைப் பெற்றோர் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகளும் கேட்டிருந்தார்கள்.

கொடுங்கையூரிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஆறு வயது. பைக்கில் கோழிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு ஒருவர் போனதைப் பார்த்து, "அதுக்கு வலிக்காதாம்மா?" என்றான். வலிக்காது என்று சொல்லிவிட்டேன். சரிதானா டாக்டர்?

வலிக்கும் அம்மா. அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசை நமக்கு இருப்பதுபோல் கோழிக்குக் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் காற்றறைகள் மேல் அழுந்தி, மூச்சுவிடத் திணறும். தேவையில்லாத வலி உண்டாகும்படி விலங்குகளைக் கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆறு வயதுக்கு இத்தனையும் வேண்டாம். "ஆமாப்பா, வலிக்கும். அப்படிக் கொண்டுபோகக் கூடாது, கூடையில வெச்சுத்தான் கொண்டுபோகணும்" என்றால் போதும். அவன் மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். கேட்காதவரை அறுப்பதைப் பற்றி நாமாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் கூடாது. அவன் கண்ணால் பார்த்ததை நாம் இல்லை என்று சொன்னால், அடுத்த முறை நம்மிடம் கேட்கவே மாட்டான்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தந்தை: பொண்ணு ஐந்தாவது படிக்கிறாள். "பண்ணைன்னா நல்ல இடம்தானே?" என்கிறாள். பாடப்புத்தகப் படத்தில் புல்வெளி, வேலி, மேயும் கோழி எல்லாம் இருக்கிறது. உண்மையை எப்படிச் சொல்வது?

பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும். கணக்காகவே சொல்லுங்கள். காட்டுக்கோழி ஒரு வருடத்தில் பத்துப் பதினைந்து முட்டை இடும், அடைகாக்கும், குஞ்சு வளர்க்கும். நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் முட்டைக்கோழி வருடத்துக்குச் சுமார் 300 முட்டை இடுகிறது. அத்தனை ஓட்டுக்கும் சுண்ணாம்புச்சத்து வேண்டும். தீவனத்தில் வருவது போதாதபோது அதன் எலும்பிலிருந்து போகிறது. எலும்பு நொறுங்கிப்போன கோழிகளைப் பார்த்திருக்கிறேன், தூக்கும்போதே உடையும்.

அப்புறம் இடம். பெரும்பாலான கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடக் குறைவான இடம். ஒரு தாளை எடுத்து மகளிடம் கொடுத்து, இறக்கையை விரித்த கோழியை அதற்குள் நிஜ அளவில் வரையச் சொல்லுங்கள். முடியாது. மண்ணைக் கிளறுவது, புழுதியில் புரள்வது, முட்டையிட மறைவான இடம் தேடுவது இவையெல்லாம் கோழியின் சுபாவம். கம்பிக் கூண்டில் இதில் ஒன்றுக்கும் வழியில்லை. இந்த மாதிரி வெறும் கம்பிக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012லிருந்து தடை செய்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது மாற்ற முடிகிற விஷயம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். மாறாது என்று நினைத்தால் பயம்தான் மிஞ்சும்.

கறிக்கோழி பெரும்பாலும் கூண்டில் வளர்வதில்லை, கொட்டகையில் தரையில்தான் வளர்கிறது. அதன் கஷ்டம் வேறு. நாட்டுக்கோழி ஐந்தாறு மாதத்தில் எட்டும் எடையை அது ஆறு வாரத்தில் தாண்டி இரண்டு கிலோ ஆகிவிடுகிறது. உடம்பு வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடையில் நிற்கும் பிராய்லர் கோழி நாலடி நடந்துவிட்டு உட்காருவது அதனால்தான்.

எருக்கஞ்சேரியிலிருந்து: பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?

இல்லை. அந்த வேகம் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில் வந்தது. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றித்தான். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் மருந்தைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019இல் தடை போட்டது. நெருக்கியடித்து வளர்த்தால் நோய் பரவும், நோய்க்குப் பயந்து மருந்து கலப்பார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: பன்னிரண்டு வயது மகள் கறி, மீன் இரண்டையும் நிறுத்திவிட்டாள். மாமியார் தட்டில் வைத்துக் கட்டாயப்படுத்துகிறார். தினமும் சண்டை.

கட்டாயப்படுத்த வேண்டாம். பருப்பு, மொச்சை, வேர்க்கடலை, கீரை, தயிர் ஒழுங்காகச் சாப்பிட்டால் வளர்ச்சி குறையாது. பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்றால் பி12 கிடைக்காது. அப்போது குழந்தை மருத்துவரிடம் கேட்டு மாத்திரை தர வேண்டும். மகளிடமும் ஒன்று சொல்லுங்கள்: ஆயா தட்டில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது.

புளியந்தோப்பிலிருந்து ஒரு தாய்: என் வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருக்கிறார். பள்ளியில் விலங்குகள் மேல் அன்பு காட்டுவது பற்றி ஏதோ பேசியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் என் மகனை 'கொலைகாரன் பையன்' என்கிறார்கள். அவன் கடைப்பக்கமே வருவதில்லை.

இதைப் படித்து எனக்கு மனசு கனத்துவிட்டது. முதலில் உங்கள் மகனுக்கு: தம்பி, கோழியை ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஆக்கியது உன் அப்பா இல்லை. கூண்டின் அளவை முடிவு செய்ததும் அவர் இல்லை. கறிக்கோழி வளர்க்கும் விவசாயிகூட பெரும்பாலும் அதை முடிவு செய்வதில்லை. பல்லடம் பக்கம் நிறுவனம் குஞ்சும் தீவனமும் கொடுத்துவிடும், விவசாயி வளர்த்துக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குவார். விலை குறைவாக வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். உன்னைக் கேலி செய்த பிள்ளைகள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். கோழிக்கோ ஆட்டுக்கோ கடைசி நேரத்து வலியைக் குறைப்பது உன் அப்பா மாதிரி வேலை தெரிந்தவர்களால்தான் முடியும். தீட்டிய கத்தி, ஒரே வீச்சு, மற்றதன் கண்முன் அறுக்காமல் இருப்பது, காத்திருக்கும் கோழிக்குத் தண்ணீர். ஆட்டுத்தொட்டியில், அதாவது ஆடு அறுக்கும் கூடத்தில், இதை அக்கறையோடு செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆசிரியர்களுக்கும் மற்ற பெற்றோருக்கும்: மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடு, கறி வெட்டுகிற வீடு, மீன் விற்கிற வீடு என்று நம் பகுதியில் எல்லாமும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஜீவகாருண்யம் பேசுகிறேன் என்று ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்தால் அது ஜீவகாருண்யமே இல்லை. பண்ணைமுறையைப் பற்றிப் பேசுங்கள், யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி வேண்டாம். பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் இதை நேரில் சொல்லுங்கள் அம்மா. தயங்க வேண்டாம்.

ராயபுரத்திலிருந்து: அறுப்பு வீடியோ காட்டினால் பிள்ளைகளுக்குப் புரியுமா?

காட்டாதீர்கள். தூக்கம்தான் போகும்.

தண்டையார்பேட்டையிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி: முட்டை போடும் கோழியின் கூடப்பிறந்த சேவல்கள் எங்கே போகும்? அப்புறம், தெருவில் விற்ற கலர் குஞ்சு இரண்டு வாங்கியிருக்கிறேன். என்ன செய்வது?

உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது பாப்பா. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் முட்டை போடாது, பிராய்லர் மாதிரி கறியும் வைக்காது. அதனால் பொரித்த முதல் நாளே பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் நீ கேட்டதால் சொல்கிறேன். ஜெர்மனி 2022லிருந்து இதைத் தடை செய்திருக்கிறது. அங்கே முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. நம் ஊரில் அப்படித் தப்பிய சேவல் குஞ்சுகளில் சிலவற்றுக்குச் சாயம் அடித்துத் தெருவில் விற்கிறார்கள். நீ வாங்கியவை அநேகமாக அவைதான். இனி வாங்காதே. வாங்க வாங்க இன்னும் கொண்டுவருவார்கள்.

வாங்கியதைக் காப்பாற்றப் பார்ப்போம். முதல் வாரம் குஞ்சுக்குச் சுமார் 33 டிகிரி சூடு வேண்டும். அட்டைப்பெட்டியில் ஒரு பக்கமாகக் குண்டு பல்பைத் தொங்கவிடு. வழுக்கும் செய்தித்தாளை மட்டும் விரிக்காதே, மேலே சாக்கு போடு. மூழ்காத அளவுக்குத் தட்டையான மூடியில் தண்ணீர் வை. சாதம் மட்டும் போட்டால் போதாது, தீவனக் கடையில் குஞ்சுத் தீவனம் என்று கேள். இரண்டும் பல்புக்கடியில் ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது என்று அர்த்தம், பல்பைக் கொஞ்சம் இறக்கு. விலகிப்போய் வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்று. தலை தொங்கினாலோ ஆசனவாய் அடைத்துக்கொண்டாலோ அப்பாவைக் கூட்டிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வா. கோழிக்குஞ்சுக்கெல்லாமா வைத்தியம் என்று யாராவது சொன்னால், பார்ப்பார்கள் என்று டாக்டர் சொன்னார் எனச் சொல்.