பெரிய குடும்பமா வருஷாவருஷம் ஒண்ணா கூடுறவங்க, எங்க கூடுறீங்க, என்னென்ன பழக்கம் வெச்சிருக்கீங்க?

எங்க வீட்ல தீபாவளி பொங்கலுக்குக்கூட எல்லாரும் ஒண்ணு சேர மாட்டோம், அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க வீட்லயே முடிஞ்சிரும். ஆனா ஆடி அமாவாசைக்கு மட்டும் தாராவியில இருக்குற சித்தப்பா வீடு, திருப்பூர்ல இருக்குற ரெண்டு அண்ணன் வீடு, சென்னை, கோவைன்னு யார் எங்க இருந்தாலும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வந்துரணும். தாத்தாவுக்கு ஒம்பது பிள்ளைங்க, அஞ்சு ஆணு நாலு பொண்ணு. பேரன் பேத்தி அவங்க பிள்ளைங்கன்னு போன வருஷம் எண்ணுனப்போ 73 பேர் இருந்தோம்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், இது திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்துக்கு மேல மலைக்குள்ள, தாமிரபரணி கரையில இருக்கு. தெக்க இருக்குற சாஸ்தா கோயிலுக்கெல்லாம் இதுதான் மூலம்னு பெரியவங்க சொல்லுவாங்க. எத்தனையோ ஊர், எத்தனையோ சாதி ஜனங்களுக்கு இது குலதெய்வம். ஆடி அமாவாசைக்கு ஆத்தங்கரை பூரா குடில் போட்டு குடும்பம் குடும்பமா தங்குவாங்க, அந்தக் காட்டுக்குள்ள திடீர்னு ஒரு ஊரே முளைச்ச மாதிரி இருக்கும்.

நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது பத்து நாளுக்கு மேல தங்குவோம். லாரி பிடிச்சு அண்டா, அரிசி மூட்டை, விறகு, தார்ப்பாய், ஜமக்காளம், ஆட்டுக்கிடா எல்லாத்தையும் ஏத்தி, மேல நாங்க உக்காந்து போவோம். போன உடனே ஆம்பளைங்க கம்பு நட்டு ஒரே ஒரு பெரிய குடில் போடுவாங்க, வீட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போடக்கூடாது, அது தாத்தா வெச்ச சட்டம். பணக்கார பெரியப்பா பிள்ளையும் மில்லுல வேலை பாக்குற சித்தப்பா பிள்ளையும் ஒரே ஜமக்காளத்துல தலைமாடு கால்மாடா படுத்துத் தூங்குவோம். ராத்திரி ஆத்து சத்தம், தூரத்துல வில்லுப்பாட்டு, ஆச்சி சொல்ற கதை. என் பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்கள நான் இன்னைக்கு வரைக்கும் கூடப்பிறந்தவங்களாத்தான் நினைக்கேன்னா அதுக்கு காரணம் அந்த ராத்திரிகள்தான், கல்யாண வீட்ல ரெண்டு மணி நேரம் பாத்துக்கிட்டா இதெல்லாம் வராதுங்க.

எங்களுக்குன்னு சில பழக்கம் இருக்கு. முதல் நாள் எல்லாரும் குளிச்சிட்டு அங்க காவல் தெய்வமா இருக்குற பட்டவராயன் சன்னதிக்குப் போவோம், அங்க நேர்ச்சையா தோல் செருப்பு கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க, எங்க பெரியப்பாவும் ஒரு ஜோடி சொல்லி செஞ்சு கொண்டுவருவாக. அடுத்த வருஷம் போய் பாக்கும்போது அது நடந்து தேஞ்ச மாதிரி இருக்கும்னு ஐதீகம், பட்டவராயன் ராத்திரி அதைப் போட்டுக்கிட்டு காட்டுல நடக்காராம். அதனால பிள்ளைங்க எல்லாம் முதல் வேலையா ஓடிப்போய் போன வருஷ செருப்போட அடியத்தான் பாப்போம், இப்போ என் பொண்ணும் அதையேதான் பண்றா. அப்புறம் மணி விழுங்கி மரம். நேர்ச்சைக்கு கட்டுற மணிய மரம் வளர வளர உள்ள இழுத்துக்கிடும், பாதி மணி வெளிய பாதி உள்ளன்னு நிக்கும். தாத்தா கட்டின மணி இந்தப் பக்கம்தான் உள்ள போச்சுன்னு ஆச்சி எடம் காட்டி சொல்லுவா.

அய்யனாருக்கு நாங்க வைக்கிறது சைவப் படையல், பொங்கல்தான். கிடா எல்லாம் காவல் தெய்வங்களுக்கு. கிடாக்கறி சமையல்ல பொம்பளைங்க கை வைக்கக் கூடாது, உரிக்கிறதுல இருந்து பரிமாறுற வரை ஆம்பளைங்க வேலை. வருஷம் பூரா அடுப்படியில நிக்கிற எங்க அம்மா, சித்தி, மதினி எல்லாம் அன்னைக்கு வரிசையா உக்காந்து சாப்பிடுவாங்க, அதுக்காகவே எனக்கு அந்த நாள் ரொம்ப பிடிக்கும். வயல் பாகத்துல ரெண்டு பெரியப்பாவும் ஆறு வருஷம் பேசாம இருந்தாங்க, அந்த ஆறு வருஷமும் ஒரே அண்டாவுக்குத்தான் ரெண்டு பேரும் தீ தள்ளுனாங்க. சின்னவரு கரண்டிய நீட்டுவாரு, மூத்தவரு உப்பு பாத்துட்டு தலைய ஆட்டுவாரு. அவ்வளவுதான் பேச்சு. ஆனா வராம மட்டும் யாரும் இருந்ததில்ல.

அமாவாசை அன்னைக்கு விடியக்காலையில ஆத்துல முங்கி செத்துப்போனவங்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைப்பாங்க. பிள்ளைங்களுக்கு மொட்டை, காதுகுத்து இருந்தா தாய்மாமன் மடியில வெச்சு அங்கயே முடிச்சிருவோம். சாயங்காலம் பூக்குழி. அதே நேரம் கோயிலுக்கு பரம்பரை அறங்காவலரா இருந்த சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில தர்பார்ல உக்காந்திருப்பாரு, ஆச்சி பெட்டியில இருந்து நல்ல சேலைய எடுத்து உடுத்திக்கிட்டுப் போய் கும்பிட்டு வருவா. அவரு 2020 மே மாசம் தவறிட்டாரு. அந்த வருஷம் கொரோனாவால திருவிழாவுக்கே போக முடியல, ஆச்சி வீட்டு முத்தத்துல மேற்க மலையப் பாத்து படையல் போட்டு, போன்ல ஒவ்வொருத்தர் முகத்தையா பாத்து அழுதா. எனக்குத் தெரிஞ்சு அவ அழுது அன்னைக்குத்தான் பாத்தேன்.

இப்போ நிறைய மாறிருச்சு. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988ல இருந்து. தங்குறதுக்கு சில நாள்தான் அனுமதி, சொந்த வண்டிய அகஸ்தியர்பட்டியிலயே நிப்பாட்டிட்டு அரசு பஸ்ல போகச் சொல்றாங்க, பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எதுவும் கொண்டு போகக்கூடாது. எங்க குடும்பத்துலயே இதுக்கு கோவப்படுறவங்க உண்டு, நம்ம சாமிய கும்பிட நமக்கே நாள் கணக்கான்னு. நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன். பாபநாசத்துல பரிகாரம்னு ஆத்துல விட்டுட்டுப் போற துணிய மலை மலையா அள்ளிப் போட்டிருக்கிறத பாத்தவ நான், நாங்க தங்கிட்டு வந்த எடத்துலயும் அந்தக் காலத்துல குப்பைய அப்படியே விட்டுட்டுத்தான் வந்தோம். அந்த ஆத்துத் தண்ணியத்தான் கீழ திருநெல்வேலி, தூத்துக்குடி ஜனம் குடிக்குது. மூணு நாளோ நாலு நாளோ, விடுற நாளுக்கு போவோம், சுத்தமா வெச்சிட்டு வருவோம்.

கடைசியா நோட்டு பத்தி சொல்லணும். தாத்தா காலத்துல இருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கு. தலைக்கட்டு வரின்னு கல்யாணம் ஆன ஆண் ஒவ்வொருத்தருக்கும் ஒரே தொகை, வசதி இருந்தாலும் இல்லாட்டியும் அதே தொகைதான். பிறப்பு, இறப்பு, யார் வரல, ஏன் வரல எல்லாம் அதுல எழுதுவாங்க. பொண்ணுங்க பேர் கல்யாணத்தோட நின்னுரும், புருஷன் வீட்டு சாமிதான் இனி அவளுக்குன்னு. 2011ல எங்க மூத்த அத்தை எல்லார் முன்னாடியும் தன் பங்க எடுத்து நோட்டு மேல வெச்சு, "நான் இந்த ஆத்துல மொட்டை போட்டவ, என் பேரையும் எழுது"ன்னு சொன்னாக. யாரும் வாயத் திறக்கல. ஆச்சிதான் பேனாவ எடுத்து பெரியப்பா கையில குடுத்தா. அதுல இருந்து அத்தைமாருங்க, அப்புறம் என்னை மாதிரி கட்டிக்குடுத்த பொண்ணுங்க எல்லாரும் வரி குடுக்கோம், ரெண்டு சாமியையும் கும்பிடுறோம்.

பெரியப்பாவுக்கு இப்போ கண்ணு சரியா தெரியல, அதனால போன ஆடியில நோட்ட என் கையில குடுத்துட்டாக. தாராவி சித்தப்பா வீட்ல பேத்தி பிறந்திருக்கா, முதல் மொட்டை இந்த வருஷம்தான். அந்தப் பிள்ளை பேர ஏற்கனவே எழுதிட்டேன்.